கோட்டின் மேல் உட்காராத புள்ளிகள்

நவம்பர் 3, ஞாயிறு

சென்னைத் துறைமுகத்தை விட்டு ஆறு மணி நேரம் ஆகிறது. மூன்று முறை வாந்தி எடுத்தாயிற்று. பதினேழு வருடமாகக் கடலை ஆராய்கிறேன், கடலில் கால் வைப்பது இதுதான் முதல்முறை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. கப்பல் சமையல்காரர் இருளப்பன் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார்.

"சார் புதுசா?"

"கம்ப்யூட்டர்ல வேலை."

"அதான பாத்தேன்" என்று கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தார். நார்த்தங்காயைச் சப்பிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போனில் சிக்னல் போய்விட்டது. வேறு என்ன செய்வது?

வந்த காரியத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், பிறகு குழப்பம் வரக்கூடாது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கடல் விழுங்குகிறது. சில இடங்களில் கக்கவும் செய்கிறது. காற்றில் இப்போது 420 என்று வைத்துக்கொண்டால், கடல்நீரின் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் விழுங்குகிறது, அதிகமாக இருந்தால் கக்குகிறது. வங்காள விரிகுடா எவ்வளவு விழுங்குகிறது என்று கணினியில் கணக்கிடும் மாடல் என்னுடையது. அதே எண்ணை நேரில் அளக்கும் கருவி ஒன்று நான்கு வருடமாக இந்தக் கப்பலில் ஓடுகிறது. நூறு அளவுகளில் ஐந்துக்கு மேல் பிழையாகப் போனால் கருவியை நிறுத்திவிடலாம் என்பது விதி. இதன் பிழை முப்பத்துநான்கு. கருவி நின்றால் அதை ஓட்டும் பொறியாளரின் வேலையும் அதோடு போகும். நிறுத்தலாமா, தொடரலாமா என்று நான் அறிக்கை கொடுக்க வேண்டும். முப்பத்துநான்குக்கு என்ன அறிக்கை? கையெழுத்துதான் பாக்கி.

நவம்பர் 4, திங்கள்

பொறியாளரைப் பார்த்தேன். ரெஜினா மச்சாடோ, தூத்துக்குடிக்காரர், வயது நாற்பதுக்குள் இருக்கும். கையில் ஸ்பானரோடு தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"நீங்கதான் மாடல் சாரா? கையெழுத்துப் போட வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க."

"ஆய்வு பண்ண வந்திருக்கேன்."

"பண்ணுங்க. போடுததுக்கு முன்னாடி ஒரு வாட்டி எண்ணைப் பாத்துட்டுப் போடுங்க. இதுவரைக்கும் வந்து பாத்தவங்க யாரும் இல்ல."

திமிர் பிடித்த பெண். ஆனால் கருவியைக் காட்டியபோது நின்று கேட்டேன், பொய் சொல்வானேன். கப்பலின் முன்பக்கம், நீர்மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே ஒரு துளை இருக்கிறது. அங்கிருந்து குழாயில் வரும் கடல்நீர் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் பூவாளித் தண்ணீர்போல் விழுகிறது. குடுவையின் மேல்பாதியில் நிற்கும் காற்றில் எவ்வளவு கரியமில வாயு சேர்ந்திருக்கிறது என்று பக்கத்துப் பெட்டி அளக்கிறது. திரையில் எண் ஓடுகிறது. நான் பதினேழு வருடம் கணக்குப் போட்ட எண் என் கண்ணெதிரே சொட்டிக்கொண்டிருந்தது. 402, 401, 402.

என் மாடல் இந்த இடத்துக்குச் சொன்னது 405. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

காலை ஒன்பதுக்கு ரெஜினாவுக்கு, கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக, அலுவலகத்திலிருந்து தானாக ஒரு மின்னஞ்சல் வருகிறது. முந்தைய நாள் அளவுகளை ஒரு கணினி நிரல் தரம் பார்த்து, எதிர்பார்க்கும் எண்ணிலிருந்து ரொம்ப விலகியவற்றைத் தள்ளிவிட்டு, எத்தனை தள்ளப்பட்டன என்று சொல்லும். இன்றைக்கு ஒன்றுமில்லை. "இன்னைக்குத் தப்பிச்சேன், வடக்க போகப் போகப் பாருங்க" என்றார்.

அந்த நிரல் பல வருடமாக ஓடுகிறது. யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 6, புதன்

அலை அதிகம். கஞ்சி மட்டும்.

நவம்பர் 7, வியாழன்

விசாகப்பட்டினத்தைத் தாண்டி வடகிழக்கே வந்துவிட்டோம். திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. மதியம் 371. சாயங்காலம் 344. என் மாடல் இங்கே சொல்வது 395. ஐம்பது வித்தியாசம் என்றால் சின்ன விஷயமில்லை. கருவி சொல்வது உண்மையானால் இந்தக் கடல் நான் சொன்னதைப்போல் மூன்று மடங்கு விழுங்குகிறது.

உடனே குற்றவாளியைத் தேடினேன். முதல் சந்தேகம், கருவி அளவு தவறியிருக்கும். அதற்கு ரெஜினா எண் தெரிந்த வாயு அடைத்த நான்கு சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். 350 சிலிண்டருக்கு 350.2 காட்டியது. 450-க்கு 449.8. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இரண்டாவது சந்தேகம் சூடு. துளையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வருவதற்குள் குழாயில் தண்ணீர் கொஞ்சம் சூடாகும், சூடானால் எண் ஏறும், அதைக் கழிக்க வேண்டும். கழிக்கும்போது அதிகமாகக் கழித்துவிட்டாரோ என்று கேட்டேன்.

"சிலுவை போடாம சோத்துல கை வைக்க மாட்டோம்லா, அது மாதிரி சார் அது. துளைகிட்ட ஒரு தெர்மாமீட்டர், குடுவையில ஒண்ணு. ரெண்டையும் பாக்காம ஒரு எண்ணும் வெளிய போகாது."

இரண்டையும் காட்டினார். கணக்கைக் காட்டினார். நானே மறுபடி போட்டேன். சரியாகத்தான் இருந்தது.

ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே யார் ஆட மாட்டாதவர் என்பது இன்னும் தெரியவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

காலை மின்னஞ்சல்: நேற்றைய அளவுகளில் நூற்றுக்கு நாற்பத்தொன்று தள்ளப்பட்டன. கருவியைச் சோதிக்கவும்.

ரெஜினா பம்பைக் கழற்ற ஆரம்பித்தார். சரியாக ஓடுகிற பம்பை ஏன் கழற்றுகிறீர்கள் என்றேன்.

"கடிதாசு வந்தா கழத்தணும் சார். கழத்திட்டேன்னு பதில் போடணும். போன வருசம் இப்படித்தான் கரைக்கு வந்தப்புறமும் விடல. முழுக் குழாயையும் மாத்துன்னாங்க. பதினொரு நாள் கப்பலுக்குள்ளயே கெடந்தேன். அந்த ஞாயித்துக்கிழம எம் மகளுக்குப் புதுநன்மை, முத தடவையா நற்கருணை வாங்குத நாள். வெள்ளக் கவுன் போட்டு கோயிலுக்குப் போயிருக்கா, நான் இங்க குழாய் மாத்திக்கிட்டிருக்கேன்."

"பழைய குழாய்ல என்ன பழுது?"

"ஒண்ணும் இல்ல."

 போல்ட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைக்கூடச் சரியாகப் பிடிக்கவில்லை என்றார்.

நவம்பர் 9, சனி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. வயிறும் சரியாகிவிட்டது.

கப்பல் ஓரிடத்தில் நின்றது. மூன்றாவது சந்தேகத்தை எடுத்தேன். கருவி உறிஞ்சுவது ஐந்து மீட்டர் ஆழத்து நீரை, மேல் நீரை இல்லை. மேலே வேறு எண் இருந்தால்? ரெஜினாவுக்கு முகம் மாறியது. "இதை நான் யோசிச்சிருக்கேன், தனியாப் பாக்க முடியல, ஒரு ஆள் வேணும்" என்றார். நான் ஆள் ஆனேன்.

கயிற்றில் வாளியைக் கட்டி ஓரத்திலிருந்து இறக்கினோம். இரண்டு முறை காலியாக வந்தது. எப்படி வீசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இருளப்பன் சமையலறையிலிருந்து வந்து, வாளியைத் தலைகீழாகப் போட வேண்டும் என்று சொல்லி ஒரே வீச்சில் நிறைத்துக் கொடுத்தார். ஆராய்ச்சி நிறுவனத்தின் மூத்த விஞ்ஞானி வாளி இறைக்கக் கற்றுக்கொண்ட நாள் இது.

விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கடல்நீர் மாதிரியே இல்லை. உப்பு இருந்தது, ஆனால் ரசத்தில் உப்பு குறைந்த மாதிரி சப்பென்று இருந்தது. கருவிக் குழாயின் நீரை நக்கினேன். அது கரித்தது.

"கங்கையும் பிரம்மபுத்திராவும் சார்" என்றார் ரெஜினா. "மழ முடிஞ்சு வந்த ஆத்துத்தண்ணி. லேசா இருக்கதால கலக்காம மேல மெதந்துக்கிட்டே இவ்வளவு தூரம் வந்திருது."

கரையே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கடலுக்கு மேல் ஓர் ஆறு படுத்துக் கிடந்தது. நான் அதன்மேல் நின்றுகொண்டிருந்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது எனக்கு. என் மாடலில் மேல் அடுக்கு பத்து மீட்டர் கனம், அந்தப் பத்து மீட்டருக்குள் எல்லாம் ஒரே தண்ணீர். ஆற்றை நான் ஊற்றியவுடனே கலக்கிவிடுகிறேன். இங்கே கடல் கலக்காமல் வைத்திருக்கிறது. அந்த மேல் நீரில் நுண்பாசி செழித்துக் கரியமில வாயுவைத் தின்கிறது.

வாளி நீரைக் குடுவைக்குள் விட்டு அளந்தோம். 327. கருவி காட்டியதைவிட இன்னும் கீழே. ஆக, கருவி கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை. ஐந்து மீட்டரில் இருப்பதைச் சொல்கிறது. மாடல்தான் தப்பு.

இப்படித் தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

சந்தோஷம் ஒரு நாள்தான். சாப்பாட்டு மேசையில் ரெஜினா என் பழைய கட்டுரையைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு வருடத்துக்கு முன் வந்தது. மாடலும் கப்பல் அளவும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன என்று நான் காட்டிய படம் அதில் இருக்கிறது. ஜனவரியில் என் பதவி உயர்வு நேர்காணலுக்கு அதுதான் என் துருப்புச்சீட்டு.

"ஒரு சந்தேகம் சார். இது நான் அளந்த புள்ளிதானே?"

"ஆமா."

"எல்லாம் கோட்டுமேலயே உக்காந்திருக்கே. நான் அளந்தப்ப இப்படி உக்காரலையே. நேத்து முந்தாநாள் பாத்தீங்கள்ல, எங்க உக்காந்துச்சு? போன வருசமும் வடக்க இப்படித்தான், அதுக்கு முந்தின வருசமும் இப்படித்தான். நாலு வருசத்துக்கும் சேத்து இந்தப் பகுதியில நான் அனுப்புனது பன்னெண்டாயிரத்து எண்பது வரி. உங்க படத்துலயும் சரி, அலுவலகக் கோப்புலயும் சரி, மூணுல ஒரு பங்கு காணல."

"தரம் பாத்துத் தள்ளினது" என்றேன்.

"அதுதான். எதை வச்சுப் பாத்தாங்க?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 11, திங்கள்

தலைவலி.

நவம்பர் 12, செவ்வாய்

இன்றும் உடம்பு சரியில்லை. அறையிலேயே இருந்தேன். ரெஜினா கதவைத் தட்டி, "பாத்தீங்களா சார்?" என்றார். நிரலின் பிரதி என் மடிக்கணினியில் இல்லை, கரைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

பழைய நிரல்களில் இந்தமாதிரி ஏதாவது இருப்பது சகஜம். யானைக்கும் அடி சறுக்கும். அந்த நாளில் வேறு வழியும் இருந்திருக்காது. எழுதியவனைக் குற்றம் சொல்வது எளிது.

நவம்பர் 13, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், அதுவும் நான் மட்டும் படிக்கிற நோட்டில்.

நிரலின் பிரதி என் மடிக்கணினியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியமே திறந்து பார்த்தேன். எழுதியவர் பெயர் முதல் வரியில் இருக்கிறது. தணிகாசலம். நான்.

ஏழு வருடத்துக்கு முன் எழுதியது. அளவு வரும்போது, அந்த இடத்தில் எதிர்பார்க்கும் எண் என்று ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டு, முப்பதுக்கு மேல் விலகினால் தள்ளு. தென்பகுதிக்குப் பழைய கப்பல்கள் அளந்த எண்கள் அட்டவணையில் இருந்தன. வடபகுதியில் அதுவரை அளவு ஏதும் என் கையில் இல்லை. கட்டம் காலியாக இருந்தால் நிரல் ஓடாது. அதனால் என் மாடலின் எண்களையே எடுத்து அதில் நிரப்பினேன். பக்கத்தில் ஒரு குறிப்பு: இப்போதைக்கு, பிறகு மாற்ற வேண்டும்.

மாற்றவில்லை. மறந்துவிட்டேன். நான்கு வருடமாகக் கடலின் எண் என் மாடலோடு ஒத்துப்போனால் உள்ளே, ஒத்துப்போகாவிட்டால் வெளியே. மிஞ்சியதை எடுத்து, பாருங்கள் ஒத்துப்போகிறது என்று கட்டுரை எழுதினேன். தன் மகனின் விடைத்தாளையே விடைக்குறிப்பாக வைத்து வகுப்புக்கு மதிப்பெண் போட்ட வாத்தியார் நான்தான். அந்த முப்பத்துநான்கு சதவீதப் பிழை கருவியில் இல்லை.

இன்று காலை ஒன்பதுக்கு மறுபடி அந்த மின்னஞ்சல் வந்தது. தள்ளப்பட்டன ஐம்பத்திரண்டு. கருவியைச் சோதிக்கவும். அந்த வாக்கியமும் நான் எழுதியதுதான். ரெஜினா ஆடுகிற கப்பலில் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்பானர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி முடுக்க ஆரம்பித்தார். என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

"கழற்றாதீங்க. பம்புல ஒண்ணும் இல்ல."

"தெரியும் சார். கடிதாசு வந்திருக்கே."

"அந்தக் கடிதாசு நான் போட்டது."

அவருக்குப் புரியவில்லை. மடிக்கணினியைக் கொண்டுவந்து அட்டவணையைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். அந்தக் குறிப்பையும் வாசித்தார். 

"நாலு வருசமா?"

"ஆமா."

"எத்தனை தள்ளியிருக்கு?"

"நாலாயிரத்து நூத்தி ஆறு."

"எனக்கு அந்த நாலாயிரத்து நூத்தி ஆறும் வேணும்."

கோப்பை அவருடைய கணினிக்கு மாற்றிக் கொடுத்தேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கோப்பு முழுசாக வந்துவிட்டதா என்று பார்த்தார். கழற்றிய பம்பைத் திரும்பப் பூட்ட நான் உதவப் போனேன். வேண்டாம் என்றார்.

நவம்பர் 14, வியாழன்

ரெஜினா என்னோடு பேசவில்லை. இருளப்பன்கூட முட்டை வைக்க மறந்துவிட்டார், அல்லது மறக்கவில்லை.

அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன். தள்ளப்பட்ட 4,106 அளவுகளும் சரியானவை. கருவியின் பிழை பூஜ்யம். நிரலில் ஒரு சிறு குறை கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. கருவி தொடரலாம். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. இதைவிட ஒரு மனிதன் வேறென்ன செய்ய முடியும்?

ஒரு பிரதி ரெஜினாவுக்கும் அனுப்பினேன்.

நவம்பர் 15, வெள்ளி

பேசவில்லை. அவர் மேசையில் நான்கு தடித்த நோட்டுகள் இருக்கின்றன, வருடத்துக்கு ஒன்று. பணியில் இருக்கும்போது கருவிக்கு என்ன ஆனாலும் நேரம் போட்டு எழுதிவைக்கும் நோட்டு. திரையில் என் கோப்பு. ஒரு வரி திரை, ஒரு வரி நோட்டு என்று பார்த்துக்கொண்டே போகிறார்.

அறிக்கைதான் சாதகமாகப் போய்விட்டதே, பிறகு என்ன தேடுகிறார்?

நவம்பர் 16, சனி

தெற்கே திரும்பிவிட்டோம். அவர் இன்னும் தேடுகிறார். இன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, பிறகு எதற்குக் கோபம் என்று தெரியாமல் போய்விட்டது.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் ரெஜினாவே வந்தார். கையில் என் அறிக்கை.

"பூஜ்யமா சார்?"

"ஏன்?"

"நாலு வருசம் கடல்ல ஓடுன மெசினுக்குப் பிழை பூஜ்யமா? யாராவது நம்புவாங்களா? நான் நம்பலையே. ரெண்டாவது வருசம் ஜெல்லிமீன் வந்து துளையை அடச்சு ரெண்டு நாள் தண்ணியே வரல. போன வருசம் ஒரு சிலிண்டர் தீந்தது தெரியாம ஒரு ராத்திரி முழுக்க ஓடியிருக்கு. எல்லாம் நோட்டுல இருக்கு. நீங்க தள்ளுனதுல ஐநூத்தி இருபத்திமூணு நெசமாவே தப்பு."

"நான் உங்களுக்கு உதவியா இருக்கட்டுமேன்னு…"

"எனக்குத் தெரியும். பாவம் பாத்து எழுதியிருக்கீங்க. பாவம் பாத்து எழுதுனாலும் அது அளக்காத எண்ணுதான் சார். முந்தி பாக்காம தள்ளுனீங்க, இப்ப பாக்காம சேக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது.  அவர் இன்னொரு தாளை எடுத்து வைத்தார்.

"இது இன்னொரு எண்பத்தெட்டு. நீங்க தள்ளாம வச்சுக்கிட்டதுல."

"தள்ளாததுலயா?"

"ஜெல்லிமீன் அடச்சுச்சுன்னேன்லா. தண்ணி நின்னா குடுவையில வெளிக்காத்து ஏறி நானூறு பக்கம் வந்து நின்னுக்கிடும். உங்க மாடல் எண்ணு முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு. அப்படியே பொருந்திருச்சு. அதனால உங்க நிரல் அதை நல்ல அளவுன்னு உள்ள வச்சிருக்கு."

தண்ணீரே வராத நேரத்து எண் என் கட்டுரைப் படத்தில், கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் வந்தது.

பிறகு கணக்குப் போட்டேன். ஐநூற்று இருபத்துமூன்றும் எண்பத்தெட்டும் அறுநூற்றுப் பதினொன்று. பன்னிரண்டாயிரத்து எண்பதில் நூற்றுக்கு ஐந்து என்பது அறுநூற்று நான்கு.

"ரெஜினா, ஏழு கூடுது."

"தெரியும். கணக்கு எனக்கும் வரும்."

"அஞ்சுக்கு மேல போனா நிறுத்தலாம்னு விதி. முதல்ல சொன்னதை மட்டும் எழுதினா நாலு சொச்சம்தான் வரும். இந்த எண்பத்தெட்டை யாரும் கேக்கல. யாருக்கும் தெரியாது. விட்டுடலாமே."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு வசதியா இருக்கத வச்சுக்கிட்டு வசதியில்லாததைத் தள்ளுனா, நீங்க பண்ணுனதுக்கும் நான் பண்ணுததுக்கும் என்ன வித்தியாசம் சார்?"

அப்புறம் அறிக்கையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். குறை கண்டறியப்பட்டது என்ற வரி. "இது யாரு வச்ச குறை, யாரு கண்டுபிடிச்சது, ரெண்டும் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 18, திங்கள்

முழு நாளும் எழுதினேன். முதல் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தேன். நிரலை எழுதியது நான். அட்டவணையில் என் மாடலை வைத்தது நான். கட்டுரை தவறானது, அதைத் திரும்பப் பெற வேண்டும். கண்டுபிடித்தது ரெஜினா மச்சாடோ. பிழையான அளவுகள் 611, காரணத்தோடும் நேரத்தோடும் பட்டியல் இணைப்பில் உள்ளது. விதியை ஏழு அளவுகளால் மீறுகிறது. எல்லையைத் தாண்டவைத்தது கருவியை ஓட்டியவரே தேடிக் கொடுத்த எண்பத்தெட்டு. கருவியைத் தொடர வேண்டும் என்பது என் பரிந்துரை.

அனுப்புவதற்கு முன் மறுபடி ஒரு முறை படித்தேன். பயம்தான். நேர்காணல் போனது போனதுதான். அதைவிட, ஏழு அளவில் கருவி நின்றுவிட்டால் ரெஜினாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது.

அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

கரை. ரெஜினாவை அழைத்துப்போகக் கணவரும் மகளும் வந்திருந்தார்கள். மகளிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தது. நான் கையை அசைத்தேன். அது அசைக்கவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

கருவியை நிறுத்துவதா என்று முடிவுசெய்யும் குழு கூடியது. ஐந்து பேர். இயக்குநர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் என் நிரலைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு வேண்டியதுதான். பிறகு அறுநூற்றுப் பதினொன்றுக்கு வந்தார்கள். விதி என்றால் விதி என்றார் ஒருவர். கடைசியில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள், கோவாக்காரர், அதுவரை வாயே திறக்காதவர், அந்த எண்பத்தெட்டு எப்படிப் பட்டியலில் வந்தது என்று கேட்டார்.

சொன்னேன்.

அதைத் தரச்சொல்லி யாராவது ரெஜினாவைக் கேட்டார்களா என்றார். இல்லை, விட்டுவிடலாம் என்றுதான் நான் சொன்னேன் என்றேன். அது எழுதிக்கொண்டு போன பதில் இல்லை. வாயில் வந்துவிட்டது.

 அந்த அம்மாள், "இப்படி அளக்கிற ஆளை நிறுத்திவிட்டு நாம் எதை வைத்துக்கொள்ளப் போகிறோம்?" என்றார்.

கருவி தொடர்கிறது. இனி எந்த அளவைத் தள்ளினாலும், அளந்தவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான். கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. ஜனவரி நேர்காணல் பட்டியலில் என் பெயர் இல்லை.

ரெஜினாவுக்கு நானே போன் செய்தேன். "சரி சார்" என்றார்.  மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "புது பம்பு ஒண்ணு கேட்டு எழுதணும்" என்றார்.

ஜனவரி 6, திங்கள்

ரெஜினாவிடமிருந்து ஒரு கோப்பு. மூவாயிரத்து ஐநூற்று எண்பத்துமூன்று வரிகள். நான் தள்ளியவற்றில் பிழை போக மிஞ்சியவை, அதாவது கடல் சரியாகவும் என் மாடல் தப்பாகவும் சொன்ன இடங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், மாடலின் எண், கடலின் எண். கடைசியில் புதிதாக ஒரு கட்டம், காரணம் என்ற தலைப்போடு, மேலிருந்து கீழ்வரை காலியாக.

மேலே ஒரே வாக்கியம்: "என் அறுநூத்திப் பதினொண்ணுக்கும் நான் எழுதினேன் சார், உங்களுதுக்கு நீங்க எழுதுங்க."

முதல் வரியை எடுத்தேன். மாடல் 395, கடல் 338. ஆற்று நீர் என்று எழுதப் போனேன். அந்த இடத்தில் அன்று உப்பு எவ்வளவு என்று பார்த்தால், குறையவே இல்லை. ஆறு அங்கே வரவில்லை. பாசியா என்று பார்த்தேன், மேகம் மூடியிருந்ததால் செயற்கைக்கோள் படம் இல்லை. காற்று, சுழல், முந்தின வாரப் புயல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மதியச் சாப்பாடு மறந்துபோயிற்று. நான்கு மணிக்கு அந்தக் கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதி, ஒரு வரியை மட்டும் அவருக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"அது காரணம் இல்ல சார். ஆனா பொய்யும் இல்ல. ரெண்டாவது வரிக்குப் போங்க."